வடசென்னையில் போர் வரலாறு பார்க்க: கோட்டை அருங்காட்சியகம் முதல் சோழவரம் ஓடுதளம் வரை

வடசென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் விடுமுறை நாள் வந்தால் மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையிலோ மாதவரத்திலோ வீடு பிடித்திருக்கிறேன் என்று யார் சொன்னாலும், தெற்கே போவதற்கு முன்னால் ஒரு நாள் வடக்கைச் சுற்றிப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். இரண்டு உலகப் போர்களின் சுவடும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. முதல் போரில் ஜெர்மன் கப்பல் ஒன்று துறைமுகத்தைச் சுட்டுவிட்டுப் போனது. இரண்டாம் போரில் சோழவரத்தில் விமான ஓடுதளம் போட்டார்கள், புழல் ஏரியில் விமானங்களை இறக்கினார்கள். அதற்கும் முந்தைய பிரெஞ்சுக்காரர் சண்டையும் ஹைதர் அலி பயமும் ஜார்ஜ் டவுன் தெருக்களில் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

இவை எல்லாம் ஒரே வளாகத்தில் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கி சோழவரம் வரை 25 கி.மீ. அளவில் பரவிக் கிடக்கின்றன. அதனால் பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் அருங்காட்சியகம், அப்புறம் சம்பவம் நடந்த இடம். இதை மாற்றினால் சோழவரத்தில் வெறும் பொட்டல்தான் தெரியும், ஹை கோர்ட் சுவரில் வெறும் கல்தான் தெரியும்.

கிளம்பும் முன்

வெள்ளிக்கிழமை வேண்டாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அதே கோட்டைக்குள் இருப்பதால், சட்டமன்றம் கூடும் நாட்களில் காவல் கெடுபிடி அதிகம். ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் அணிவகுப்பு ஒத்திகைக்காக ராஜாஜி சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்த நாட்களைத் தவிர்த்தால் ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோதான நேரம். பாரிமுனை நெரிசல் அன்றுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கும்.

ஆதார் அட்டையோ வேறு அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். பெரிய பை வேண்டாம், நுழைவாயிலில் சோதனை உண்டு. தண்ணீர் பாட்டில், தொப்பி, நடக்க வசதியான செருப்பு போதும். சோழவரம் வரை போவதாக இருந்தால் வீட்டிலேயே கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தில் சோழவரத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ வசதி. ஹை கோர்ட் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் கோட்டை வந்துவிடும். புறநகர் ரயிலில் வருகிறவர்கள் கோட்டை நிலையத்தில் இறங்கலாம்.

கோட்டை அருங்காட்சியகம்

இங்கே இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அரை மணியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

முதலில் கட்டடத்தையே கவனியுங்கள். 1795-ல் கட்டி முடித்தது. வணிகர்கள் கூடி வியாபாரம் பேசிய மாளிகை இது. 1796-ல் இதன் உச்சியில் விளக்கு ஏற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் இதுதான். அருங்காட்சியகமாக மாறியது 1948-ல். இந்தியத் தொல்லியல் துறை நிர்வகிக்கிறது.

உள்ளே நுழைந்ததும், திப்புவோடு போரிட்ட ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலை உயரமாக நிற்கும். பலர் சிலையின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குனிந்து பீடத்தைப் பாருங்கள். 1792-ல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு திப்பு சுல்தானின் இரண்டு சிறுவயது மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளைச் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். வென்றவர்கள் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கல் இந்த ஊரில் இல்லை.

அடுத்து ஆயுதங்கள். வாள், குத்துவாள், துப்பாக்கி, கவச உடை, சிறு பீரங்கி என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது, ஒன்றிரண்டை நின்று பாருங்கள். பீரங்கியைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். ஆங்கிலேயர் வார்த்த பழைய இரும்புப் பீரங்கிகளின் பின்புறத்தில் பெரும்பாலும் மூன்று எண்கள் கோடு போட்டுப் பிரித்து வெட்டப்பட்டிருக்கும். அது பீரங்கியின் எடை. முதல் எண்ணை 112-ஆலும், இரண்டாவதை 28-ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் பவுண்டுக் கணக்கு வரும். 8-2-10 என்று இருந்தால் 896, 56, 10 சேர்ந்து 962 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 436 கிலோ. துரு ஏறிய பீரங்கியில் வெறும் கண்ணுக்கு எண் பிடிபடாது. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டின் நிழல் விழும், படிக்க முடியும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்தக் கணக்கை அவர்களிடம் விட்டுவிடுங்கள். கோட்டைக்குள் வெளியே நிறுத்திவைத்திருக்கும் பீரங்கிகளிலும் தேடிப் பார்க்கலாம்.

முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சுட்ட குண்டின் சிதறல் இங்கே இருக்கிறது. பளபளக்கும் வாள்களுக்கு நடுவில் கண்ணில் படாமல் போகக்கூடிய சின்ன இரும்புத் துண்டு. காணவில்லை என்றால் ஊழியர்களைக் கேளுங்கள், காட்டுவார்கள். அடுத்து போகப்போகும் இடத்துக்கு இதுதான் திறவுகோல், பார்க்காமல் வெளியே வராதீர்கள்.

மேல்தளத்தில் கவர்னர்கள், ராணிகளின் எண்ணெய் ஓவியங்கள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை, வேகமாகக் கடந்துவிடலாம். கடக்கக் கூடாதது அங்கிருக்கும் தேசியக் கொடி. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் இதே கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி. பல காலம் பொதுமக்கள் பார்வைக்கு வராமல் இருந்து, 2013-ல்தான் காட்சிக்கு வைத்தார்கள். துணி கெடாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

கோட்டைக்குள் இன்னும் இரண்டு

வெளியே வந்ததும் கொடிமரத்தைப் பாருங்கள். 1932 ஜனவரி 26 அன்று ஆரியா என்று எல்லோரும் அழைத்த பாஷ்யம், இரவோடு இரவாகக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி, பிரிட்டிஷ் கொடியை இறக்கிவிட்டு நம் கொடியைக் கட்டினார். அப்போது இது ராணுவக் காவல் உள்ள கோட்டை. இப்போது நிற்பது வேறு கம்பம் என்றாலும், நிமிர்ந்து உயரத்தைப் பார்த்தாலே அந்தத் துணிச்சல் புரியும்.

அடுத்தது புனித மேரி தேவாலயம், 1680-ல் திறந்தது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையைக் கனத்த வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டு அடுத்த பிப்ரவரி வரை அடித்தபோது இந்தக் கூரை பயன்பட்டது. ராபர்ட் கிளைவ் 1753-ல் திருமணம் செய்துகொண்டதும் இங்கேதான். சுவர்களில் உள்ள நினைவுக் கற்களில் இறந்தவர்களின் வயதைப் படித்துக்கொண்டே போங்கள். இருபதுகளில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்போது திகைப்பாக இருக்கும். வழிபாடு நடந்தால் வெளியே காத்திருங்கள்.

தலைமைச் செயலகப் பக்கம் படம் எடுக்காதீர்கள். காவலர் தடுத்தால் வாதாட வேண்டாம்.

ஹை கோர்ட் சுவர்

கோட்டையிலிருந்து ராஜாஜி சாலையில் வடக்கே நடங்கள். இடது கைப்பக்கம் உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவர் வரும். அதில் ஒரு கல்வெட்டுப் பலகை பதிந்திருக்கிறது. எம்டன் குண்டு விழுந்த இடம் இது. நடைபாதையில் கூட்டம் இருந்தால் தவறவிட்டுவிடுவீர்கள், சுவரை ஒட்டியே போங்கள்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் கரைக்கு அருகே வந்து நின்றது. தலைவர் கார்ல் ஃபான் முல்லர். ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, போர் இவ்வளவு தூரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயிர்ச்சேதம் குறைவு, ஆனால் பீதி பெரிது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அதே ஆண்டு நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து முடக்கியது.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று இங்கே பலரும் உறுதியாகச் சொல்வார்கள். ஜெர்மனியில் இருந்துகொண்டு அவர் இந்திய விடுதலைக்குப் பாடுபட்டது உண்மை. கப்பலில் வந்தார் என்பதற்கு நம்பகமான சான்று கிடையாது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

அப்படியே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை முனைக்கு வாருங்கள், பாரிமுனை. டேர் ஹவுஸ் பக்கத்தில் ஒரு குட்டையான கல்தூண் இருக்கிறது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர்களும் இடித்துத் தள்ளினார்கள். எதிரி வீடுகளின் மறைவில் வந்து சுடக் கூடாது, கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பது கணக்கு. இந்த எல்லைக்கு உள்ளே யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஹை கோர்ட்டும் சட்டக் கல்லூரியும் எழுந்தது அந்த வெட்டவெளியில்தான். இது தெரிந்த பிறகு பாரிமுனையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

சாப்பாடு

பசி எடுக்கும் நேரத்துக்குச் சரியாக பீச் ஸ்டேஷன் பக்கம் வந்திருப்பீர்கள். பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள் உண்டு. பல கடைகள் மாலையில்தான் களைகட்டும் என்றாலும், மதியமும் தேடினால் கிடைக்கும். அத்தோவோ, மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொய்ங்காவோ சாப்பிடுங்கள், கூட வாழைத்தண்டு சூப்.

இதுவும் போர் வரலாறுதான். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் இன்னொரு பெரிய அலை கப்பலேறி வந்தது. அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். வியாசர்பாடியில் இன்றும் பர்மா குடும்பங்கள் நிறைய. கடையில் வயதானவர் யாராவது இருந்து கூட்டமும் இல்லை என்றால், "ஐயா, உங்க குடும்பம் எப்போ வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாத சேதி கிடைக்கும்.

மாடிப் பூங்கா

வெயில் அதிகமென்றால் இதை விட்டுவிட்டு நேராகப் புழல் ஏரி இருக்கும் செங்குன்றம் போகலாம். நேரம் இருந்தால் மண்ணடி மெட்ரோவிலிருந்து ஆட்டோ பிடித்து, பழைய ஜெயில் ரோட்டில் பாரதி மகளிர் கல்லூரிப் பக்கம் இறங்குங்கள். 1767-ல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் விளிம்பு வரை வந்து போனது. 1769-ல் ஹைதர் அலியே படையோடு வந்து, ஆங்கிலேயரைப் பணியவைத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்த அச்சத்தில் ஜார்ஜ் டவுனுக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். செலவுக்கு மக்களிடம் வரி போட நினைத்தார்கள், வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் அதனால் வந்தது. வரியை வசூலிக்கவே முடியவில்லை. மதிலில் மிஞ்சிய துண்டின் மேல் அமைந்ததுதான் மாடிப் பூங்கா. திறந்திருந்தால் ஏறிப் பாருங்கள், பூட்டியிருந்தால் வெளியே நின்று சுவரின் கனத்தைப் பார்த்தால் போதும்.

புழல் ஏரி

பாரிமுனைப் பக்கமிருந்து செங்குன்றத்துக்கு மாநகரப் பேருந்துகள் உண்டு. ஏறும் இடம் அவ்வப்போது மாறுவதால் அங்கே கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதவரத்துக்காரர்கள் நேராக ஜி.என்.டி. ரோட்டை, அதாவது வடக்கே போகும் பெரிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம்.

புழல் ஏரிக்கரை தெரியும் இடத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1942-ல் நிலைமை இப்படி இருந்தது: பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் போயின, ஏப்ரல் 5-ல் கொழும்பிலும் அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பியது. அலுவலகங்களை உள்நாட்டுக்கு மாற்றினார்கள், மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். அன்று உயிரியல் பூங்கா சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்தது. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று அங்கிருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் விமானப்படை இந்த ஏரியைத் தளமாக்கியது. கேட்டலீனா என்ற விமானம் தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும். அதன் அடிவயிறு படகின் அடிப்பாகம் போலவே இருக்கும். கடலில் அலை அடிப்பதால் அதற்கு அமைதியான, நீண்ட நீர்ப்பரப்பு தேவை. நகருக்கும் கடலுக்கும் பக்கத்தில் புழல் தோதாக அமைந்தது. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடுவது, மூழ்கிய கப்பல்களில் தப்பியவர்களைத் தேடுவது, ஜப்பான் பிடியில் இருந்த கரைகளில் ரகசியமாக ஆட்களை இறக்குவது எல்லாம் இங்கிருந்து நடந்தன. 240-வது ஸ்குவாட்ரன் இங்கே இருந்தது. கடைசிக் கட்டத்தில் சண்டர்லேண்ட் என்ற பெரிய நீர்விமானங்களும் வந்தன.

இது குடிநீர் ஏரி. தண்ணீரில் இறங்காதீர்கள், தடை போட்ட இடத்தில் கரை ஏறாதீர்கள். அடையாளமாக எதுவும் கண்ணில் படாது. ஆனால் ஏரியின் நீளத்தைக் கண்ணால் அளந்தால் ஏன் இங்கே இறக்கினார்கள் என்பது தானாகவே விளங்கும்.

சோழவரம்

செங்குன்றத்திலிருந்து காரனோடை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற பேருந்துகள் சோழவரம் வழியாகத்தான் போகும். ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். சொந்த வண்டியில் போகிறவர்கள் நல்லூர் டோல்கேட்டைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடுதளம் பாதுகாப்புத் துறை நிலம். உள்ளே போகக் கூடாது, வேலி தாண்டக் கூடாது, டிரோன் பறக்கவிடக் கூடாது. சாலைப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. அதனால்தான் வீட்டிலேயே செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கச் சொன்னேன். மேலிருந்து பார்த்தால் வயலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஓடுபாதையின் நேர்க்கோடு தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்தப் பொட்டல் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிடிபடும்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட தளம் இது. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, கெட்டியான ஓடுபாதை மட்டும் மிஞ்சியது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார், பைக் பந்தயம் நடத்தத் தொடங்கியது. நாடெங்கும் இருந்து பந்தயக்காரர்கள் வந்தார்கள். கோவையின் கரிவரதன் இங்கே ஓட்டிப் பெயர் வாங்கியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வந்ததும் சோழவரம் மறுபடி அமைதியானது.

ஊருக்குள் டீக்கடையில் உட்காருங்கள். அறுபதைத் தாண்டியவர்களிடம் "ரேஸ் நடந்த காலம்" என்று ஆரம்பித்தால் போதும். ராணுவ இடத்தைப் பற்றி மட்டும் துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது அவர்களுக்கும் சங்கடம்.

இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஜி.என்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அதிகம், சாலையைக் கடக்கும்போது பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

விமானத்தையே பார்க்க வேண்டுமென்றால்

இந்தச் சுற்றில் விமானம் எதுவும் கிடையாது. பிள்ளைகள் அதைக் கேட்டால் பெங்களூருவில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது விசாகப்பட்டினம். அரக்கோணத்தில் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பல ஆண்டுகள் பறந்த டியூ-142 என்ற பெரிய உளவு விமானத்தை 2017-ல் ஓய்வு கொடுத்து, அங்கே கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். உள்ளே ஏறியே பார்க்கலாம். எதிரில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலும் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து இரவு ரயில் பிடித்தால் காலையில் போய்ச் சேரலாம், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.